வயதான நாயின் மூக்கில் ரத்தம்: நிறுத்துவது எப்படி, காரணத்தைத் தேடுவது எப்படி?

மனிதர்களுக்கு மூக்கில் ரத்தம் வருவது பெரும்பாலும் சாதாரண விஷயம். மூக்கு நுனியை ஒட்டிய மெல்லிய ரத்த நாளங்கள் காற்று வறண்டாலே உடையும். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும், அடுத்த வாரம் மறந்தும் போகும். நாய்க்கு அப்படி இல்லை. எங்கும் மோதாமல், அடிபடாமல், ஒரு நாயின் மூக்கிலிருந்து தானாக ரத்தம் வந்தால் அதற்குப் பின்னால் அநேகமாக ஏதோ ஒரு நோய் இருக்கும். எட்டு, பத்து வயதைத் தாண்டிய நாய் என்றால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இங்கே பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். ரத்தம் நின்றது, நாய் எழுந்து வாலாட்டியது, சாப்பிட்டது, ஆகவே சரியாகிவிட்டது என்று முடிவுகட்டி விடுகிறார்கள். ரத்தம் நிற்பது வேறு, ரத்தம் வந்த காரணம் தீர்வது வேறு. இரண்டையும் தனித்தனி வேலைகளாகப் பார்த்தால்தான் நாய்க்கு நல்லது. முதல் வேலை உங்களுடையது. இரண்டாவது கால்நடை மருத்துவருடையது, ஆனால் அதற்கான தடயங்களில் பாதியை நீங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

முதல் பதினைந்து நிமிடங்கள்

நாயை ஓர் அமைதியான அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்கவோ உட்காரவோ விடுங்கள். மற்ற நாய்களையும் குழந்தைகளையும் வெளியே அனுப்புங்கள். நாய் பதறினால் ரத்த அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் ரத்தம் கூடுதலாக வடியும். உங்கள் குரலில் பதற்றம் இருந்தால் அதுவும் நாயைத் தொற்றிக்கொள்ளும், அதனால் மெதுவாகப் பேசுங்கள்.

ஐஸ் கட்டிகளை மெல்லிய துணியில் சுற்றி மூக்குத் தண்டின் மேல், அதாவது கண்களுக்கும் மூக்கு நுனிக்கும் இடைப்பட்ட பகுதியில் வையுங்கள். ஐந்து நிமிடம் வைத்து, இரண்டு நிமிடம் எடுத்துவிட்டு, மறுபடி வைக்கலாம். குளிர்ச்சியில் நாளங்கள் சுருங்கும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குத் துணி மூக்குத் துவாரத்தையும் வாயையும் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாய்க்கு ஐஸ் பிடிக்காமல் திமிறினால் அதைக் கைவிடுங்கள். திமிறலால் வரும் கெடுதல் ஐஸால் வரும் பலனைவிடப் பெரிது. தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது. இயல்பாகவோ சற்றுத் தாழ்ந்தோ இருக்கட்டும். பின்னால் சாய்த்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும், மூச்சுக்குழலுக்குள்ளும் போகலாம்.

துவாரத்துக்குள் பஞ்சு, துணி எதையும் திணிக்காதீர்கள். நாய் தும்மித் தும்மி, உறையத் தொடங்கிய ரத்தத்தையும் பிய்த்து எறிந்துவிடும். பஞ்சு உள்ளே சிக்கினால் அது தனிச் சிக்கல். வாய்க்கட்டும் வேண்டாம், மூக்கு அடைத்திருக்கும்போது நாய் வாயால்தான் மூச்சு விட்டாக வேண்டும். மனிதர்களின் மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்தை எடுத்து விடுவது இன்னும் ஆபத்து. அவற்றிலுள்ள ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் ஆகியவை நாய்க்கு நஞ்சாகலாம், இதயத் துடிப்பையே தாறுமாறாக்கும். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களின் வேலையைக் கெடுத்து ரத்தப்போக்கைக் கூட்டும். அவற்றை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்கக் கூடாது.

அடியில் வெளிர் நிறத் துண்டு ஒன்றை விரியுங்கள், எவ்வளவு ரத்தம் போகிறது என்பது அதில்தான் தெரியும். நாயின் உடலில் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 80 முதல் 90 மில்லி ரத்தம் இருக்கும். 10 கிலோ நாய்க்கு 800 முதல் 900 மில்லி. அதில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 170 மில்லி, சீக்கிரத்தில் போனால் நிலைமை மோசமாகும். தும்மலில் சளியோடு கலந்து சுவரில் தெறிக்கும் ரத்தம் பார்ப்பதற்கு மிக அதிகமாகத் தோன்றும், ஆனால் உண்மை அளவு சில மில்லியாகவே இருக்கலாம். எதிர்த்திசையிலும் ஏமாறலாம். நாய் அமைதியாக விழுங்கிக்கொண்டே இருந்தால் துண்டில் ஒன்றும் தெரியாது.

அதனால் துண்டைவிட ஈறை நம்புங்கள். மேல் உதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். ஈறு கறுப்பாக உள்ள நாய் என்றால் கீழ் இமையை இறக்கி அதன் உட்புறத்தைப் பாருங்கள். பிறகு விலா எலும்பு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஓய்வாகவோ தூக்கத்திலோ இருக்கும் நாய் நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு விடக் கூடாது. இப்போதைய பதற்றத்தில் இந்த எண் கூடத்தான் செய்யும், ஆகவே நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை எண்ணி வைத்துக்கொள்வது நல்லது.

பதினைந்து நிமிடமாகியும் ரத்தம் குறையவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஈறு வெளுத்திருந்தால், நாய் தள்ளாடினால், மூச்சுத் திணறினால், வயிற்றுத் தோலிலோ ஈறிலோ சிவப்புப் புள்ளிகளோ ஊதா நிறக் கன்றலோ தெரிந்தால், சிறுநீரில் ரத்தம் இருந்தால், எலி மருந்து தின்றிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், பதினைந்து நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. இவை எதுவும் இல்லாமல் ரத்தம் நின்றுவிட்டதா? அப்போதும் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எந்தப் பக்கம் வந்தது?

மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ஒரு துவாரத்தில் மட்டும், மறுபடி மறுபடி அதே பக்கத்தில் வந்தால் கோளாறு மூக்குக்குள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம். பல் வேர், பூஞ்சை, சிக்கிக்கொண்ட புல் விதை, கட்டி ஆகியவை இந்த வகை. இரு பக்கமும் வந்தால் உடல் முழுவதையும் பாதிக்கும் ஏதோ ஒன்று, அதாவது ரத்தம் உறைவதில் குறை அல்லது உயர் ரத்த அழுத்தம், இருக்கலாம். இது வழிகாட்டும் குறிப்பு மட்டுமே. மூக்கின் நடுச்சுவரை அரித்துக்கொண்டு மறுபக்கம் போகும் கட்டி இரு பக்கமும் ரத்தம் காட்டும். தட்டணு குறைந்த நாய்க்கு ஒரு பக்கம் மட்டும் வடிவதும் உண்டு.

பக்கத்தோடு சேர்த்து இன்னும் சிலவற்றைக் குறித்து வையுங்கள். எத்தனை நிமிடம் நீடித்தது, வெறும் ரத்தமா அல்லது சளியும் சீழும் கலந்ததா, அதற்கு முந்தைய வாரங்களில் தும்மல் இருந்ததா, புதிதாகக் குறட்டை வந்ததா, என்ன மருந்துகள் கொடுக்கிறீர்கள் என்பவை. மூட்டு வலிக்காகப் பல வயதான நாய்கள் கார்ப்ரோஃபன், மெலாக்ஸிகம் போன்ற வலி மாத்திரைகளை எடுத்துக்கொள்கின்றன. மீன் எண்ணெய் மாத்திரை கொடுப்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் சொல்லுங்கள். வடியும்போதே ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டால் பாதி விளக்கம் மிச்சம்.

இரண்டு நாள் கழித்து மலம் தார் போலக் கறுத்து வந்தால் அது விழுங்கிய ரத்தமாக இருக்கலாம். ஆனால் வலி மாத்திரை எடுக்கும் நாய்க்கு அது இரைப்பைப் புண்ணாகவும் இருக்கலாம், அதையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இருமலோடு இளஞ்சிவப்பு நுரை வந்தால் அது மூக்கிலிருந்து வருவது அல்ல, நுரையீரலிலிருந்து. அது அவசர நிலை.

உடலில் வேறெங்கோ இருக்கும் காரணம்

உண்ணிக் காய்ச்சலைத்தான் இங்கே முதலில் சொல்ல வேண்டும். பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி, வெப்பமான பகுதிகளில் மூக்கில் ரத்தம் வர ஒரு முக்கியக் காரணம். அதன் போக்கைப் புரிந்துகொள்வது அவசியம். கடித்த ஒன்று முதல் மூன்று வாரங்களில் காய்ச்சல், சோர்வு, பசியின்மை வந்து, சிகிச்சை இல்லாமலேயே தணிந்துவிடும். பிறகு கிருமி மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில், சத்தமில்லாமல் உடலுக்குள் தங்கும். அதன்பின் சில நாய்களில், ரத்த அணுக்களும் தட்டணுக்களும் உருவாகும் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் நாள்பட்ட கட்டம் தொடங்கும். அப்போதுதான் மூக்கில் ரத்தம். ஆகவே “இப்போது உடம்பில் உண்ணியே இல்லையே” என்பது இந்த நோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின், வழக்கமாக 28 நாள், நன்றாக வேலை செய்யும். இரண்டு மூன்று நாளில் நாய் துள்ளத் தொடங்கும், அதைப் பார்த்து மாத்திரையைப் பாதியில் நிறுத்துபவர்கள் அதிகம். நிறுத்தக் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்காமல் இருக்க, உணவோடு கொடுத்துப் பின்னாலேயே தண்ணீர் குடிக்க வையுங்கள்.

கிருமி எதுவும் இல்லாமல் உடலின் எதிர்ப்பாற்றலே தன் தட்டணுக்களை அழிக்கும் நோயும் உண்டு. ஸ்டீராய்டு போன்ற, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளால் அதற்குச் சிகிச்சை தருவார்கள்.

எலி மருந்தில் ஒரு பெரிய வகை, வைட்டமின் கே உடலில் வேலை செய்வதைத் தடுப்பது. அதைத் தின்ற நாய் அன்றைக்கும் மறுநாளும் நன்றாகவே இருக்கும். கல்லீரல் ஏற்கெனவே செய்து வைத்த உறைபொருட்கள் தீர்ந்தபின், பொதுவாக மூன்று முதல் ஐந்து நாளில், ரத்தப்போக்கு தொடங்கும். மூக்கில் தெரிவது சிறு பகுதிதான், நெஞ்சுக்குள்ளும் கசியலாம். மாற்று மருந்து வைட்டமின் கே1, பெரும்பாலும் நான்கு வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். கடைசி மாத்திரைக்குப் பிறகு 48 மணி நேரம் கழித்து உறைதல் பரிசோதனை செய்து பார்த்த பின்பே சிகிச்சை முடிந்தது என்பார்கள். எலி மருந்தின் அட்டை அல்லது பொட்டலம் கிடைத்தால் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த வகை என்பது தெரிந்தால் எத்தனை வாரம் சிகிச்சை என்பதும் தெரியும்.

வயதான நாய்களில் எளிதாகத் தவறவிடப்படுவது உயர் ரத்த அழுத்தம். நாள்பட்ட சிறுநீரக நோயும், உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் மிகையாகும் குஷிங் நோயும் அதைக் கொண்டுவரும். மேல் அளவு 160ஐத் தாண்டினால் உறுப்புகள் பாதிக்கப்படலாம், 180 என்றால் தீவிரம். அளக்கும் பட்டையின் அகலம் கால் சுற்றளவில் ஏறத்தாழ 40 சதவீதம் இருக்க வேண்டும். சிறிய பட்டையில் அளவு பொய்யாக ஏறித் தெரியும். மருத்துவமனைப் பயத்திலும் ஏறும். அதனால் நாயைச் சில நிமிடம் அமைதிப்படுத்தி, முதல் அளவைத் தள்ளிவிட்டு, அடுத்த ஐந்தாறு அளவுகளின் சராசரியை எடுக்க வேண்டும். பரபரப்பான நேரத்தில் ஒரே முறை எடுத்த அளவை வைத்து வாழ்நாள் மாத்திரை தொடங்குவது சரியல்ல, மறுபடி அளக்கச் சொல்லிக் கேட்பதில் தவறும் இல்லை.

மூக்குக்குள்ளேயே இருக்கும் காரணம்

நாயின் மூக்குக்குள் மெல்லிய எலும்புத் தகடுகள் சுருள் சுருளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் போர்த்திய சவ்வில் ரத்த நாளங்கள் நிறைய. எதுவும் அதை அரித்தால் ரத்தம் வரும்.

பல்லை மறந்துவிடாதீர்கள். மேல் கோரைப்பல்லின் வேருக்கும் மூக்கின் உட்பகுதிக்கும் இடையே இருப்பது மிக மெல்லிய எலும்பு. ஈறு நோய் அதை அரித்தால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே துளை விழும். டாக்ஸ்ஹண்ட் போன்ற சிறிய நாய்களில் இது சகஜம். வெளியிலிருந்து பார்த்தால் பல் நன்றாக இருப்பது போலத் தோன்றலாம். துளை பல்லின் உட்புறம், அண்ணத்துப் பக்கம் இருப்பதால் மயக்க மருந்து கொடுத்து அளவுகோல் கம்பியை ஈறுக்குள் விட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். பல்லைப் பிடுங்கித் துளையைத் தைத்தால் தீர்ந்துவிடும். வயதான நாய்க்கு வரக்கூடிய காரணங்களில் நல்ல முடிவு உள்ளது இது, அதனாலேயே தேடிப் பார்க்க வேண்டும்.

ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை பெரும்பாலும் நீள மூக்கு நாய்களைப் பிடிக்கும். மூக்கைத் தொட்டாலே வலிக்கும், துவாரத்தின் ஓரத்தில் கறுப்பு நிறம் போய் வெளுத்து, புண்ணாகும். மூக்குக்குள் மருந்தை நேரடியாக நிரப்பிச் சிகிச்சை செய்வார்கள்.

அடுத்தது கட்டி. மூக்குக் கட்டி வரும் நாய்களின் சராசரி வயது பத்தை ஒட்டியது. பெரும்பாலானவை புற்றுக் கட்டிகள். அவை சீக்கிரம் உடலெங்கும் பரவுவதைவிட இருக்கும் இடத்திலேயே எலும்பை அரித்து வளர்பவை. ஒரு பக்கச் சளி, அதில் ரத்தக் கீற்று, விடாத தும்மல், புதிய குறட்டை, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிதல், பிறகு முகத்தில் மேடு அல்லது கண் பிதுங்கல் என்ற வரிசையில் போகும். கட்டி மேல்நோக்கி மூளைப் பக்கம் அரித்தால் வலிப்பு வரலாம், சில நாய்களில் அதுவே முதல் அறிகுறி.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு நல்ல சோதனை இருக்கிறது. நாய் அமைதியாக இருக்கும்போது, ரத்தம் வடியாத நேரத்தில், வாயை மெதுவாக மூடிப் பிடித்து, பஞ்சிலிருந்து பிரித்த ஒரு மெல்லிய இழையை ஒவ்வொரு துவாரத்தின் முன்னும் காட்டுங்கள். இரு பக்கமும் இழை ஒரே மாதிரி அசைய வேண்டும். ஒரு பக்கம் அசையவே இல்லை என்றால் அங்கே அடைப்பு. பூஞ்சை தகடுகளை அரித்து இடத்தைக் காலியாக்குவதால் காற்றோட்டம் பெரும்பாலும் இருக்கும். கட்டி இடத்தை நிரப்புவதால் காற்று நின்றுபோகும்.

இங்கே ஒரு பெரிய பொறியைச் சொல்லியாக வேண்டும். கட்டி உள்ள மூக்கில் பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்திருக்கும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் அந்தத் தொற்று தணியும், சளி குறையும், இரண்டு வாரம் நாய் தேறியது போலத் தெரியும். பிறகு திரும்பி வரும். மறுபடி ஆன்டிபயாடிக், மறுபடி தேறுதல். இப்படியே மாதங்கள் போய்விடும், கட்டி வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு சுற்று ஆன்டிபயாடிக்குக்குப் பின் ரத்தம் திரும்பி வந்தால் இரண்டாவது சுற்றுக்குப் பதில் ஸ்கேனைப் பற்றிப் பேசுங்கள்.

பரிசோதனைகளின் வரிசை

முதலில் செலவு குறைந்த, மயக்க மருந்து தேவைப்படாத பரிசோதனைகள். ரத்தச் சிவப்பணு அளவு, தட்டணு எண்ணிக்கை, உறைதல் நேரம், சிறுநீரகம், கல்லீரல், சிறுநீர், ரத்த அழுத்தம், உண்ணிக் காய்ச்சல். தட்டணு ஒரு மைக்ரோலிட்டரில் ஏறத்தாழ 1.5 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருப்பது இயல்பு. 30,000 முதல் 50,000க்குக் கீழே போனால் தானாக ரத்தம் வரும் அபாயம் உண்டு. எர்லிக்கியாவில் தட்டணுவின் வேலையும் கெடுவதால் எண்ணிக்கை அவ்வளவு இறங்காமலேயே ரத்தம் வரலாம். இயந்திரம் காட்டும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. தட்டணுக்கள் ஒட்டிக் கொத்தாகிவிட்டால் இயந்திரம் அவற்றை விட்டுவிடும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி, நுண்ணோக்கியின் 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் ஒரு காட்சிப் பரப்பில் தெரியும் ஒவ்வொரு தட்டணுவுக்கும் சுமார் 15,000 என்று கணக்கிட்டுச் சரிபார்ப்பார்கள்.

இந்த முடிவுகள் கையில் இல்லாமல் மூக்குக்குள் கருவி விடக் கூடாது. உறையாத ரத்தம் உள்ள நாய்க்குத் திசு எடுத்தால் அந்த ரத்தத்தை நிறுத்துவது கடினம். இவை சரியாக இருந்தால் அடுத்தது மயக்க நிலையில் சிடி ஸ்கேன், பிறகு அதே மயக்கத்தில் மூக்கு உள்நோக்கி, வாய்ப் பரிசோதனை, திசு ஆய்வு. இந்த வரிசையில் ஸ்கேன் முன்னால் வருவதற்குக் காரணம் உண்டு. திசு எடுத்தபின் உள்ளே ரத்தம் தேங்கினால் படம் குழம்பும். இடுக்கி கண்ணின் உள்மூலையைத் தாண்டி உள்ளே போகக் கூடாது, அதற்கு அப்பால் மூளைக்கும் மூக்குக்கும் இடையே மெல்லிய சல்லடை எலும்புதான் இருக்கிறது. அதனால் அந்த நீளத்தை முன்பே அளந்து இடுக்கியில் குறியிடுவார்கள். திசு எடுத்தபின் ஓரிரு நாள் ரத்தம் கசிவது எதிர்பார்க்க வேண்டியதே.

காரணம் தெரியும் முன்பே ஸ்டீராய்டு தொடங்குவது லிம்போமா (ஒருவகை வெள்ளையணுப் புற்று) போன்ற சில நோய்களை மறைத்துவிடும். வலி மாத்திரையோடு ஸ்டீராய்டைச் சேர்த்துக் கொடுப்பது இரைப்பையில் புண்ணை உண்டாக்கும். இந்த இரண்டும் தவிர்க்கப்பட வேண்டியவை.

கட்டி என்று தெரிந்தபின்

அறுவைச் சிகிச்சை மட்டும் செய்து பெரிய பலன் இல்லை, எலும்புச் சுருள்களுக்குள் கட்டியை முழுதாக அகற்ற முடிவதில்லை. கதிர்வீச்சுதான் முதன்மைச் சிகிச்சை. வழக்கமான முறையில் பத்து முதல் இருபது அமர்வுகள், துல்லிய முறையில் ஒன்று முதல் ஐந்து வரை. ஒவ்வொன்றுக்கும் மயக்க மருந்து தேவை. சிகிச்சை இல்லாமல் விட்டால் பொதுவாக மூன்று மாதம் அளவில்தான் வாழ்நாள். முழுக் கதிர்வீச்சு கிடைத்தால் பல நாய்கள் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை இருக்கின்றன. குணப்படுத்தும் நோக்கமின்றி, ரத்தமும் வலியும் குறைய வேண்டும் என்பதற்காகவே குறைந்த அமர்வுகளில் கதிர்வீச்சு தருவதும் உண்டு. வயதான நாய்க்கு அதுவே பொருத்தமாக இருக்கலாம். எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களையும் குறை சொல்ல முடியாது. அன்பில் குறைந்தவர்கள் அந்த முடிவை எடுப்பதில்லை.

வீட்டில் சில மாற்றங்கள் உதவும். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடுங்கள். கழுத்தில் இழுபடும்போது தலையிலுள்ள சிரைகளில் அழுத்தம் ஏறும். கயிறு இழுக்கும் விளையாட்டு, கடினமான எலும்பு இரண்டையும் நிறுத்திவிடுங்கள். புகை, வாசனைத் தெளிப்பான், தூசி ஆகியவை தும்மலைத் தூண்டும். அறை வறண்டிருந்தால் ஈரப்பதமூட்டி ஒன்று போதும். மூக்கு ஓரத்தில் காய்ந்த பொருக்கைப் பிய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை ஒரு நிமிடம் ஒற்றி, தானாக இளகியபின் துடையுங்கள். மூக்கு அடைத்த நாய்க்கு மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் சாப்பிடாது. உணவை உடல் வெப்பத்துக்கு, சுமார் 38 டிகிரிக்கு, இளஞ்சூடாக்கிக் கொடுத்தால் பல நாய்கள் மறுபடி வாய் வைக்கும். துணியில் பட்ட ரத்தத்தைக் குளிர்ந்த நீரில் அலசுங்கள், சுடுநீர் கறையைப் பிடிக்க வைத்துவிடும்.

ரத்தம் திரும்ப வரும் என்று எதிர்பார்த்தே மருத்துவரிடம் முன்கூட்டிப் பேசி வைக்க வேண்டியவை சில உண்டு. இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும், அந்த நேரத்தில் வீட்டில் கொடுக்க ரத்தம் உறைய வைக்கும் மருந்தோ அமைதிப்படுத்தும் மருந்தோ உண்டா, எத்தனை மில்லிகிராம், எதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்பவற்றை எழுதி வாங்கி, கதவருகே ஒட்டி வையுங்கள். நாய் படுத்து நிம்மதியாகத் தூங்குகிறதா, தானாகச் சாப்பிடுகிறதா, வாரத்தில் எத்தனை முறை ரத்தம் வருகிறது என்பதை நாட்காட்டியில் குறியுங்கள். மோசமான நாட்கள் நல்ல நாட்களைவிட அதிகமாகத் தொடங்கும்போது, வலியில்லாமல் விடைகொடுப்பது பற்றிய பேச்சையும் அந்த நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மருத்துவரோடு பேசலாம். நள்ளிரவில் நிற்காத ரத்தத்துக்கு நடுவே எடுக்கும் முடிவைவிடப் பகலில், வீட்டார் எல்லோரும் கூடி எடுக்கும் முடிவு நாய்க்கும் உங்களுக்கும் நல்லது.